அம்பு ஏன் மீனுக்கு மேலேயே போகிறது? வில்லால் கெண்டை பிடிக்கத் தொடங்குபவருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மே மாதம் ஆறு பெருகி, கரையோரப் புல்வெளிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் கெண்டை மீன்கள் முட்டையிட உள்ளே வரும். தண்ணீர் 18 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடானதும் இது தொடங்கும். முதுகுத் துடுப்பு வெளியே தெரிய, கூட்டமாக, புல்லைச் சாய்த்துக்கொண்டு புரளும். வில்லை எடுத்துக்கொண்டு முதல் தடவை தண்ணீரில் இறங்குவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. நானும் இல்லினாய் ஆற்றங்கரை ஊரான பியோரியா பக்கம் அப்படி ஒரு மே மாதத்தில்தான் தொடங்கினேன். முதல் நாள் விட்ட அம்புகளில் ஒன்றுகூட மீன்மேல் படவில்லை.

இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்களில் சிலர் இப்போது இதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் பாடமாக எழுதாமல், "இப்படி ஆகிறது, என்ன செய்ய?" என்ற வரிசையில் எழுதுகிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

நான் பேசுவது சாதாரணத் தொடக்கக் கருவிகளைப் பற்றி. 40 பவுண்டு இழுவை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலம்) உள்ள ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்தது) அல்லது பழைய காம்பவுண்ட் வில் (நுனிகளில் சக்கரமும் கம்பிகளும் உள்ளது), வில்லில் பூட்டிய, கயிறு சுற்றி வைக்கும் ரீல், சடை பின்னிய தடித்த கயிறு, இறகு இல்லாத கெட்டி ஃபைபர் கிளாஸ் அம்பு. இந்த அம்பு முனையோடு சேர்த்து 90 கிராம் அளவுக்கு வரும். பலகையில் குறிபார்த்து விடும் அம்பைப்போல மூன்று மடங்கு கனம். தண்ணீருக்குள் போயும் வேகம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு கனம். இறகு வேண்டாம் என்பதற்குக் காரணம், 15 அடி தூரத்தில் அது ஒன்றும் செய்யாது, தண்ணீரில் திசையைக் கெடுக்கத்தான் செய்யும்.

வில்வித்தை பழகியவர்கள்கூட இங்கே இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். இந்த அம்பு கயிற்றில் கட்டிய அம்பு. குறியோ தண்ணீருக்குள் இருப்பது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து கிளம்புகிறவைதான்.

அம்பு பாதி வழியில் சுண்டி நின்றது, அல்லது என் பக்கமே திரும்பி வந்தது

ஒரே ஒரு தடவை இப்படி ஆனாலும் வில்லைக் கீழே வையுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த அம்பு. போகிற அம்பைக் கயிறு திடீரென்று பிடித்து நிறுத்தினால், கயிறு ரப்பர் மாதிரி நீண்டு, அம்பை அதே வேகத்தில் பின்னால் எறியும். அது வந்து சேருகிற இடம் உங்கள் முகம். மீனைத் துளைக்கிற முனை, கண்ணைத் துளைக்க யோசிக்காது.

முதலில் கயிறு அம்பில் எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பழைய அம்புகளில் வால்பக்கம் ஒரு துளை போட்டு அதில் நேரடியாகக் கட்டியிருப்பார்கள். நாணை முழுதாக இழுத்தால் அந்த முடிச்சும் கயிறும் நாணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். விடுகிற நொடியில் நாணில் ஒரு சுற்று விழுந்தால் போதும். இப்படிக் கட்டிய அம்பு யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஒரு ஸ்லைடு வாங்கிப் போடுங்கள். சின்ன பிளாஸ்டிக் வளையம், அம்பின் தண்டில் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும், வால்பக்கம் ஒரு தடுப்பு அதை நிறுத்தும். கயிறு இந்த வளையத்தில்தான் கட்டப்பட வேண்டும். நாணை இழுக்கும்போது வளையம் வில்லுக்கு முன்னாலேயே நின்றுகொள்ளும், கயிறு நாணின் பக்கம் வரவே வராது. அம்பு கிளம்பியதும் வளையம் தண்டில் பின்னோக்கி ஓடி, வாலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். அதனால் அம்பும் நேராகப் பறக்கும். இந்த வேலைக்கென்றே வந்த பொருட்களில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

ஸ்லைடு இருந்தும் சுண்டுகிறதா? கயிறு போகிற பாதையை விரலால் தடவிப் பாருங்கள். ரீலிலிருந்து நேராக வில்லுக்கு முன்னால் போய் வளையத்தில் சேர வேண்டும். அம்பு தாங்கியைச் சுற்றியோ, காம்பவுண்ட் வில்லின் கம்பிகளுக்கு நடுவிலோ போகக் கூடாது. அப்புறம் உங்கள் உடம்பைப் பாருங்கள். கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், மழைக்கோட்டின் நாடா, இவற்றில் எது வேண்டுமானாலும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பொத்தான் வைத்த ஸ்பின்காஸ்ட் ரீல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அம்பு விடுவதற்கு முன் பொத்தானை அழுத்தினால்தான் கயிறு ஓடும். எனக்கு மூன்றாம் நாள் இது நடந்தது. நல்ல கனமான கெண்டை ஒன்று பத்தடியில் அசையாமல் நின்றது, நாணை இழுத்தேன், விட்டேன், "பட்" என்று சத்தம். பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. கயிறு அறுந்து அம்பு மீனுக்கு அப்பால் சேற்றில் போய்விட்டது. கயிறு இன்னும் கொஞ்சம் உறுதியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். மறுவாரமே கயிறு புட்டிக்குள் தளர்வாக விழுந்து கிடக்கும் வகை ரீலுக்கு மாறிவிட்டேன். அதில் அழுத்த வேண்டிய பொத்தானே இல்லை. ஸ்பின்காஸ்ட் மோசம் என்று சொல்லவில்லை. "பொத்தான், அப்புறம் நாண்" என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்கள் அதை வருடக்கணக்காகப் பயன்படுத்துகிறார்கள்.

அம்பு ஒவ்வொரு தடவையும் மீனுக்கு மேலேயே போகிறது

உங்கள் கையில் கோளாறு இல்லை. மீன் நீங்கள் பார்க்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் ஓரத்தில் நின்று அம்பைச் சாய்வாகப் பாதி முக்கிப் பாருங்கள். நீர்மட்டத்தில் ஒடிந்து, முங்கிய பாதி மேலே தூக்கிக்கொண்டதுபோலத் தெரியும். மீனும் அப்படித்தான் தூக்கித் தெரிகிறது. உங்கள் கண் தண்ணீர்மட்டத்துக்கு 6 அடி உயரத்தில் இருக்கிறது, மீன் 10 அடி தள்ளி, ஓரடி ஆழத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அரையடி ஆழத்தில் இருப்பதாகத்தான் உங்கள் கண் சொல்லும். பார்த்த இடத்துக்கே அம்பு விட்டால் முதுகுக்கு மேலே சீறிக்கொண்டு போகும்.

இங்கே படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "தாழக் குறிவை, அப்புறம் இன்னும் தாழ்த்து." அளவாகச் சொன்னால், 10 அடி தூரம், ஓரடி ஆழம் என்றால் 4 அங்குலம் கீழே. ஆழம் 2 அடி என்றால் 8 அங்குலம். தூரம் இரட்டித்தாலும் அதே மாதிரி இரட்டிக்க வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டால் முதல் நிலைக்கு 5, 6 அங்குலம் வருகிறது. ஆனால் நல்ல கெண்டையின் உடம்பே 6 அங்குல உயரம் இருக்கும், அதனால் 4 என்று வைத்தாலும் எங்காவது படும். நாணை இழுத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட முடியாது. தொடக்கத்தில் என் வழி இதுதான்: மீனின் வயிற்றுக்குக் கீழே வெறும் தண்ணீர் தெரியும் இடத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதை மட்டும் பார்த்துக்கொண்டு விடுவது. மீனைப் பார்த்தால் கை தானாக மீன்பக்கம் ஏறிவிடும்.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் இதில் சேரும். தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி நின்றால் கண் தாழ்ந்துவிடும், பார்வை இன்னும் சாய்வாக விழும், பிழை கூடும். படகின் முன்பக்க மேடைமேல் நின்றால் பிழை குறையும். காலடிக்கு நேர் கீழே நிற்கும் மீனுக்குத் தாழ்த்தவே வேண்டாம். நேர் கீழே பார்க்கும்போது ஆழம் குறைவாகத் தெரியுமே தவிர, இடம் மாறித் தெரியாது. "இதுவரை மேலே போனது, இப்போது கீழே போகிறது" என்பவர்களில் பாதிப்பேர் மேடைமேல் நின்று கிட்டத்து மீனுக்கும் பழைய அளவே தாழ்த்துகிறவர்கள். முதுகு வெளியே தெரியும் மீனுக்கும் அப்படியே. அதை நேராகவே குறிபாருங்கள்.

பழகுவதற்கு வீட்டில் இருக்கும் சோடா புட்டி போதும். ஒரு லிட்டர் புட்டியில் மணலும் தண்ணீரும் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, அடியில் சேறு உள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத ஓரத்தில் ஓரடி ஆழத்தில் இறக்குங்கள். கல் உள்ள இடம் வேண்டாம், முனை மழுங்கிவிடும். 8 அடியிலிருந்து பத்து அம்பு, 12 அடியிலிருந்து பத்து, அப்புறம் புட்டியை இழுத்து 2 அடி ஆழத்தில் விட்டு மறுபடியும். முதல் ஐந்தாறு அம்பு புட்டிக்கு அப்பால் விழுந்து சேறு கலங்கும். பிறகு எந்தக் கணத்தில் என்று தெரியாமலே கை தாழ்ந்துகொள்ளும். தண்ணீருக்குள் "டொப்" என்று ஒரு மந்தமான சத்தம் கேட்கும், கயிறு கையில் அதிரும். அந்த அதிர்வை ஒருமுறை உணர்ந்துவிட்டால் அடுத்த நாள் மீனிடம் போகலாம். புட்டியைத் திரும்ப எடுத்துவர மறக்காதீர்கள்.

3 அடிக்குக் கீழே நிற்கும் மீனை விட்டுவிடுங்கள். தண்ணீர் அம்பின் வேகத்தை வாங்கிவிடும், பட்டாலும் ஆழமாகத் தைக்காது. காயத்தோடு ஓடிப்போன மீனால் யாருக்கும் பயனில்லை.

அம்பு மீனுக்குப் பின்னால் விழுகிறது

ஓடும் மீனின் தலைக்குக் குறிவையுங்கள். உடம்பின் நடுவைப் பார்த்தால் வாலுக்குப் பின்னால்தான் விழும். ஆனால் தொடக்கத்தில் ஓடுகிற மீனுக்கு விடவே வேண்டாம் என்பது என் எண்ணம். மேய்ந்துகொண்டிருக்கும் கெண்டை அடிக்கடி நிற்கும். காத்திருங்கள்.

தண்ணீரைப் பார்த்தால் பளபளப்புதான் தெரிகிறது, மீன் தெரியவில்லை

தண்ணீர்ப் பளபளப்பை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் இந்த வேலை நடக்காது. வில்லில் 50 டாலர் மிச்சம் பிடித்தாவது நல்ல கண்ணாடி வாங்குங்கள். கலங்கல் ஆற்றுக்குத் தேன் நிறக் கண்ணாடி கறுப்பைவிட நன்றாகத் தெரியும். வெயில் உங்களுக்குப் பின்பக்கம், ஒரு தோளுக்கு மேலாக விழும்படி நில்லுங்கள். முழுக்கப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் மீன்மேல் விழுந்து விரட்டிவிடும். காலை 10 முதல் பிற்பகல் 3 வரை, காற்றில்லாத நாள், இதுதான் கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஏற்ற நேரம். இரவில் விளக்கு கட்டிய படகில் போவதுதான் இங்கே பலருக்கும் பிரியம். அது தனி உலகம், ஒரு பருவம் பகலில் பழகிவிட்டுப் போங்கள்.

மீன் முழுதாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கெண்டை தலையைக் கீழே வைத்துச் சேற்றைக் கிளறும். தெளிந்த தண்ணீரில் திடீரென்று ஒரு மேகம் மாதிரி கலங்கல் எழும். வரிசையாகக் குமிழ்கள் வரும். காற்றே இல்லாமல் ஒரு நாணல் மட்டும் ஆடும். அந்த நாணலைப் பார்த்துக்கொண்டு அரை நிமிடம் நின்றால் பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒரு வால் நுனி தெரியும். அதிலிருந்து முன்னோக்கிக் கண்ணை ஓட்டினால் உடம்பு எங்கே என்று புரிந்துவிடும்.

நாணை இழுக்கும் முன்பே மீன் ஓடிவிடுகிறது

கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குக் கேட்கும் திறன் அதிகம். அவற்றின் காற்றுப்பையையும் உள்காதையும் சின்னச் சின்ன எலும்புகள் இணைக்கின்றன, தண்ணீரில் வரும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கிக் காதுக்குக் கொடுக்கிறது. அலுமினியப் படகின் தரையில் விழும் ஒரு கரண்டிச் சத்தம் போதும். பேச்சைவிடக் காலடிதான் கெடுதல். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல், அடியோடு தேய்த்து நகர்த்துங்கள். நாலு அடி போய் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

மீனைப் பார்த்த பிறகு வில்லைத் தூக்குகிறீர்கள் என்றால் அதுவும் தாமதம். அம்பு ஏற்கெனவே நாணில் பூட்டியிருக்கட்டும், முனை தண்ணீரை நோக்கித் தாழ்ந்திருக்கட்டும். அடிபட்ட கெண்டையின் தோலிலிருந்து கசியும் பொருள் மற்ற மீன்களுக்கு எச்சரிக்கையாகிவிடும். ஒன்று பிடித்த இடத்தில் உடனே இன்னொன்று தேடாமல், இருபது முப்பது அடி தள்ளிப் போங்கள்.

அம்பு பட்டது, ஆனால் இழுத்ததும் மீன் கழன்றுவிட்டது

பெரிய கெண்டையின் செதில் ஐம்பது பைசா நாணயத்தைவிடப் பெரிதாகவும் கெட்டியாகவும் இருக்கும். மழுங்கிய முனை அதில் வழுக்கும். கல்லில் ஒருமுறை பட்டாலும் அரத்தால் நாலு இழுப்பு தீட்டிவிட்டுத்தான் அடுத்த அம்பு. முனைக்குப் பின்னால் இருக்கும் கொக்கி முட்கள் தாராளமாக விரிகின்றனவா, சேறு அடைத்து மடங்கியே நிற்கின்றனவா என்றும் பாருங்கள். நான் கவனித்தவரை, கழன்ற மீன்களில் பாதி இந்தச் சேற்றால் போனவை.

மீதிப் பாதி அவசரத்தால் போகிறவை. அம்பு மறுபக்கம் வெளியே வந்து முட்கள் விரிந்திருந்தால் மீன் போகாது. உள்ளேயே நின்றுவிட்டிருந்தால், கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் சதை கிழிந்து கழன்றுவிடும். கயிற்றைத் தளரவிடாமல், இழுக்கவும் செய்யாமல், அது களைக்கும் வரை நடத்திக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் வந்ததும் கொக்கிக்கழியோ வலையோ போட்டு எடுங்கள்.

அம்பு மீனில் அல்லது கட்டையில் மாட்டிக்கொண்டது, வரவில்லை

மீன் என்றால் எளிது. மறுபக்கம் வந்த முனையை இடப்பக்கமாக இரண்டு மூன்று சுற்று தளர்த்தினால் முட்கள் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், அம்பைப் பின்னால் உருவிவிடலாம். மீனைத் தரையில் வைத்து, காலால் அழுத்திக்கொண்டு செய்யுங்கள். எடுத்ததும் முனையைத் திரும்ப முறுக்க மறந்தால் அடுத்த மீன் போய்விடும்.

மூழ்கிய மரத்தில் தைத்திருந்தால் அதற்கு எதிரே நின்று இழுக்காதீர்கள். கயிறு விறைத்து, அம்பு விடுபட்டு, நேராக உங்களிடம் வரும். வெறுங்கையில் கயிற்றைச் சுற்றுவதும் கூடாது, விரலை அறுத்துவிடும். கையுறை போட்டு, கயிற்றை ஒரு கட்டையில் நாலு சுற்று சுற்றி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று மெல்ல இழுங்கள். வராவிட்டால் கயிற்றை வெட்டிவிடலாம். ஓர் அம்பு போனால் போகட்டும்.

ரீலில் கயிறு சிக்குகிறது

புட்டி ரீலில் கயிறு காய்ந்து போயிருந்தால் சுருள் சுருளாக விழுந்து சிக்கும். கிளம்பும் முன் புட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, ஒருமுறை முழுக்க வெளியே இழுத்து, ஈரத்தோடு திரும்பச் சுற்றுங்கள். சுற்றும்போது கயிற்றைக் கையால் லேசாகப் பிடித்து இறுக்கம் கொடுக்க வேண்டும். கையால் சுற்றும் வட்ட ரீலில் சிக்கல் வருவது அரிது. அதன் குறை, ஒவ்வொரு தடவையும் கயிறு முழுவதையும் கையாலேயே சுற்ற வேண்டும் என்பதுதான். பணம் குறைவு என்றால் அதிலேயே தொடங்கலாம். கயிற்றில் எங்காவது பிசிறு தெரிந்தால் அந்த நீளத்தை வெட்டிப் புதிதாக முடிச்சுப் போடுங்கள்.

இருபது அம்புக்குப் பிறகு விரலும் தோளும் வலிக்கின்றன

இழுவையைக் குறையுங்கள். 15 அடிக்குள் நிற்கும் கெண்டைக்கு 35, 40 பவுண்டு போதும். 60 பவுண்டில் விட்டால் அம்பு மீனைத் தாண்டி ஒரு முழம் சேற்றில் இறங்கும், பிடுங்குவதற்குத்தான் பாடு. நாணில் விரல் வைக்கும் இடத்தில் ரப்பர்க் குழாய் மாட்டிக்கொண்டால் ஈரத்திலும் விரல் தேயாது.

விட்ட பிறகுதான் தெரிந்தது, அது கெண்டை இல்லை

தூண்டிலில் வேறு மீன் வந்தால் திரும்ப விட்டுவிடலாம். அம்பில் அது முடியாது. ஆகவே இந்தப் பிழையை நீக்க முடியாது, வராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

சாதா கெண்டையைப் பற்றி நம் ஊர்க் குளம், குட்டை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே அது வந்தேறி. 1877-இல் அமெரிக்க அரசின் மீன்வள ஆணையமே ஜெர்மனியிலிருந்து உணவுக்காகக் கொண்டுவந்தது. பொன்னும் செம்பும் கலந்த நிறம், பெரிய செதில், நீண்ட முதுகுத் துடுப்பு, அதன் முன்னால் ரம்பம் போன்ற ஒரு கெட்டி முள், வாயோரம் இரண்டு ஜோடி மீசை. வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் 1970-களில் குளத்தைச் சுத்தம் செய்வதற்காக ஆர்கன்சாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பித்து, மிசிசிப்பி வழியாக இல்லினாய் ஆற்றை நிறைத்துவிட்டவை. அவற்றின் கண், வாய்க்கும் கீழாகத் தாழ்ந்து இருக்கும், செதில் மிகச் சிறியது. ஆட்கள் சாப்பிடத் தொடங்கட்டும் என்று 2022-இல் இல்லினாய் மாநிலம் இவற்றுக்கும் இவற்றின் உறவினங்களுக்கும் "கோப்பி" என்று புதுப் பெயர் வைத்தது.

இவற்றோடு தோளோடு தோள் நின்று மேயும் இன்னொரு மீன் இருக்கிறது: பிக்மவுத் பஃபலோ. மேலிருந்து பார்த்தால் அதே பருமன், அதே நீண்ட முதுகுத் துடுப்பு. ஆனால் மீசை இல்லை, துடுப்பின் முன்னால் ரம்ப முள் இல்லை, நிறம் சாம்பலும் நீலமும் கலந்தது. இது இந்த மண்ணின் சொந்த மீன். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று காதுக்கல்லின் (மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்) வளையங்களை எண்ணி, ஒரு பஃபலோவின் வயது 112 என்று கண்டது. வில்லோடு நிற்கும் நம்மில் யாரையும்விட மூத்த மீன். சில இடங்களில் பல ஆண்டுகளுக்குப் புதிய குஞ்சுகளே தேறி வருவதில்லை. பல மாநிலங்களில் சட்டம் இதைக் கெண்டையோடு சேர்த்தே எண்ணி, அம்பு விட அனுமதிக்கிறது. நான் விடுவதில்லை. நீங்களும் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புல் கெண்டைக்கு மீசை கிடையாது, முதுகுத் துடுப்பு குட்டை. களை தின்பதற்காகவே சில ஏரிகளில் விட்டிருப்பார்கள், அங்கே அதைக் கொல்வது குற்றமாக இருக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம், நீர்நிலைக்கு நீர்நிலை விதி மாறும். மீன்பிடி உரிமம் எடுக்கும்போது கொடுக்கும் விதிப் புத்தகத்தில் வில் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அடையாளம் உறுதியாகத் தெரியாத நிழல் என்றால் அம்பை விடாமல் நாணை மெல்லத் தளர்த்திவிடுங்கள்.

படகை ஓட்டினால் மீன்கள் துள்ளி மேலே விழுகின்றன

வெள்ளிக் கெண்டை. இயந்திரச் சத்தம் கேட்டால் 8, 10 அடி உயரம்வரை எகிறும். 10 பவுண்டு மீன் ஓடும் படகில் முகத்தில் மோதினால் மூக்கு உடையும். அந்தரத்தில் அடிக்கிறார்கள் என்று காணொலி பார்த்துவிட்டு முதல் பருவத்திலேயே முயலாதீர்கள். ஆடும் படகில், பக்கத்தில் ஆள் நிற்க, வானத்தை நோக்கி அம்பு விடுவது பழகிய குழுவுக்கே ஆபத்து. தண்ணீரிலும் மிகச் சாய்வாக விட்ட அம்பு, ஓட்டாஞ்சில்லு மாதிரி தெறித்துப் போகும். மீனுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று எப்போதும் பாருங்கள்.

சதை சேற்று வாடை, வாயெல்லாம் முள்

நம் ஆட்கள் அதிகம் கேட்பது இதுதான். வாடை பெரும்பாலும் தோலிலும், பக்கவாட்டில் ஓடும் சிவந்த சதையிலும் தங்குகிறது. பிடித்ததும் தலையில் ஒரு அடி அடித்துக் கொன்று, செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, உடனே ஐஸில் போடுங்கள். வெயிலில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட மீனை எந்த மசாலாவும் காப்பாற்றாது. வீட்டில் தோலை உரித்து, சிவந்த சதையைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் அலசுங்கள்.

முள்ளுக்கு வழி, கீறல். கெண்டையின் சதைக்குள் இரண்டாகப் பிரியும் மெல்லிய முட்கள் இருக்கின்றன, பிடுங்கி மாளாது. துண்டின்மேல் நெல் அகலத்துக்கு ஒன்றாக நெருக்கமாகக் கீறிக்கொண்டே போங்கள், மறுபக்கம் அறுந்துவிடாமல். கத்தி முள்ளைத் தொடும்போது "கிரிச், கிரிச்" என்று மெல்லிய சத்தம் கேட்கும். அது கேட்காவிட்டால் ஆழம் போதவில்லை. மிளகாய்த்தூள் தடவி நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பொரித்தால் அந்தத் துண்டு முட்கள் மொறுமொறுவென்று சதையோடு சேர்ந்து கடிபட்டுவிடும். குழம்புக்கு வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் சாதா கெண்டையைவிட நன்றாக இருக்கின்றன. அவை சேற்றைக் கிளறி மேய்வதில்லை, மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கின்றன. எந்த ஆற்று மீனை மாதத்தில் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாநில அரசு ஆலோசனை வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதைப் பார்த்துவிட்டுச் சமைக்க வேண்டும். வெள்ளி, பெருந்தலைக் கெண்டைகளை உயிரோடு மாநிலம் கடந்து கொண்டுபோவது குற்றம்.

சாப்பிட முடியாத அளவுக்குப் பிடித்துவிட்டால் கரையில் குவித்துவிட்டு வராதீர்கள். நாற்றத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்து, சில இடங்களில் வில்லோடு வருகிறவர்களையே தடுத்திருக்கிறார்கள். தேவைக்கு மேல் சேர்ந்ததும் வில்லைப் பையில் போட்டுவிடலாம். தலை, குடல், செதிலை நான் தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு அடியில் புதைக்கிறேன். ஓரடிக் குழி போட்டால் இரவோடு இரவாக ரக்கூன் என்ற காட்டு விலங்கு வந்து தோண்டி வாசலில் இறைத்துவிடும். இரண்டடி தோண்டி, மேலே ஒரு பலகை வைத்து, அதன்மேல் கல் ஏற்றிவிடுங்கள். பத்து நாள் கழித்துப் பலகையை எடுத்துவிடலாம்.